சந்தா என்பது விலை அல்ல

"ஐந்து பெட்டிக்குப் பணம் கட்டினேன். மூன்றுதான் வந்தது. இதை மோசடி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?" என்று கேட்டார் நண்பர். நல்ல வாசகர் அவர். நிலத்தை இழந்தவர்களைப் பற்றிய நாவல்களைத் தேடிப் படிப்பவர். விவசாயியின் துயரம் குறித்து எந்தக் கூட்டத்திலும் பத்து நிமிடம் தடையின்றிப் பேசக்கூடியவர். அவருக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இருக்கவில்லை. அது ஏன் என்பதையும் இந்தக் கட்டுரையிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு மாந்தோட்டம். அதன் பருவகாலச் சந்தாவில் நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் சேர்ந்தோம். தை மாதத்தில் முன்பணம் கட்டிவிட வேண்டும். சித்திரைக் கடைசியிலிருந்து ஆடித் தொடக்கம் வரை ஐந்து பெட்டிகள் வீடு வந்து சேரும். முதலில் செந்தூரா, அடுத்து அல்போன்சா, பங்கனப்பள்ளி, இமாம்பசந்த், கடைசியாக நீலம் என்று வரிசை. அந்த ஆண்டு மாம்பூ முழுதாக விரிந்திருந்த வாரத்தில் மூன்று நாள் விடாத மழை. அதற்குப் பின் ஒரு வாரம் மூடுபனி. பூ கருகியது. பங்கனப்பள்ளி பாதிப் பெட்டியும் அல்போன்சா பாதிப் பெட்டியும் சேர்ந்து ஒன்றாக வந்தன. இமாம்பசந்த் வரவே இல்லை. சந்தாதாரர்களுக்கென்று இருந்த வாட்ஸ்அப் குழுவில் ஒரே மாலையில் நாற்பது செய்திகள். தோட்டக்காரர் ஒரு வரிதான் எழுதினார்: "பூவிலேயே போய்விட்டது சார், கணக்கு அனுப்புகிறேன்." கணக்கையும் அனுப்பினார். உழவு, எரு, மருந்து, காவல், பறிகூலி, பெட்டி, வண்டி வாடகை என்று எல்லாம் அதில் இருந்தன. அந்தக் கணக்கை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் "ஏதாவது ஈடு செய்யுங்கள்" என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். கணக்கைத் திறக்காமலேயே எழுதினேன்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு மோசடி நடந்தது உண்மை. அதைச் செய்தவர்கள் சந்தாதாரர்களாகிய நாங்கள்.

'சந்தா' உருது வழியாக நமக்கு வந்த சொல். அங்கே அதற்குப் பங்களிப்பு என்று பொருள். ஒரு பொதுக் காரியத்துக்காகப் பலர் சேர்ந்து இடும் தொகை அது. வட இந்தியாவில் தெருவிழாவுக்கு வீடுவீடாகச் சென்று வசூலிப்பதை இன்றும் சந்தா என்றே சொல்கிறார்கள். அதைக் கொடுத்தவர் விழா முடிந்தபின் ரசீதை நீட்டி, "மழையால் ஊர்வலம் நடக்கவில்லையே, என் பங்கைத் திருப்பித் தா" என்று கேட்பதில்லை. விலை வேறு. பொருள் கைக்கு வந்தால் பணம், வராவிட்டால் பணம் வாபஸ் என்பது விலையின் நியாயம். கடையில் அது சரியான நியாயம்தான். கடையின் நியாயத்தைச் சந்தாவின் மேல் ஏற்றுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டிய நிலை வந்திருக்கக் கூடாது. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியபோது அவர் நம்பியது கடைகளை அல்ல, சந்தாதாரர்களை. 1970 வரை அது வந்தது. அதற்குப் பின்னும் எத்தனையோ சிற்றிதழ்கள் தோன்றி, நான்கு இதழ்களோடும் ஏழு இதழ்களோடும் நின்றுபோயின. அவற்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டியவர்கள் யாரும் மிச்ச இதழ்களுக்கான பணத்தைக் கேட்டு ஆசிரியர் வீட்டு வாசலில் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. மாதப் பத்திரிகை இருமாதமாகி, காலாண்டாகி, 'அச்சகத் தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்ற குறிப்போடு வந்தாலும் பெற்றுக்கொண்டோம். அந்தப் பணம் காகிதத்துக்கான விலை அன்று, ஒரு முயற்சி நடப்பதற்கான முன்பங்கு என்பது அப்போது நமக்குத் தெரிந்திருந்தது. ஒரு கவிதை வராமல் போகலாம் என்பதை ஏற்றுக்கொள்ளும் மனம், ஒரு மாம்பழம் வராமல் போவதை ஏன் ஏற்க மறுக்கிறது? கவிதையைப் படைப்பு என்றும் மாம்பழத்தைச் சரக்கு என்றும் நாம் பிரித்து வைத்திருக்கிறோம். விவசாயியைப் பற்றி எழுதுவதற்கும் விவசாயியோடு கணக்கு வைத்துக்கொள்வதற்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவு.

பருவச் சந்தா நேற்று முளைத்த நகர மோகம் அன்று. ஜப்பானில் 1971இல் இயற்கை வேளாண்மைச் சங்கம் தொடங்கப்பட்டதையொட்டி 'தெய்க்கெய்' என்ற முறை வளர்ந்தது. கூட்டாண்மை என்பது அந்தச் சொல்லின் பொருள். 1978இல் அதன் கோட்பாடுகளைப் பத்தாகத் தொகுத்தார்கள். விளைந்ததை முழுவதுமாக நுகர்வோர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதும், விலையை இரு தரப்பும் ஒருவர் நிலையை ஒருவர் உணர்ந்து முடிவுசெய்ய வேண்டும் என்பதும் அவற்றுள் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ராபின் வான் என் என்ற பெண்மணியும் அவருடைய நண்பர்களும் 1986இல் தொடங்கிய பண்ணையைத்தான் அந்நாட்டில் இம்முறையின் முன்னோடிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். அவர்கள் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் வெள்ளோட்டம் பார்த்தது ஓர் ஆப்பிள் தோட்டத்தில். முப்பது பங்குகள். பறித்த ஆப்பிள் பழமாகவும் சாறாகவும் காடியாகவும் பங்குதாரர்களுக்குப் போனது. அவர்கள் வாங்கியது ஆப்பிளை அன்று, அறுவடையில் ஒரு பங்கை. அறுவடை பெருத்தால் பங்கும் பெருக்கும், சிறுத்தால் சிறுக்கும். இதில் புரியாத நுட்பம் எதுவும் இல்லை. நம் ஊர் வாரக் குடியானவருக்கு விளங்கும் கணக்குதான் இது. படித்தவர்களுக்குத்தான் விளங்குவதில்லை.

மாமரத்தின் இயல்பு தெரிந்த எவரும் அதனிடம் உத்தரவாதம் கேட்க மாட்டார். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் பூக்கள் இருக்கும். பல ரகங்களில் அவற்றில் பெரும்பகுதி ஆண்பூக்கள். காயாகக்கூடிய இருபாற் பூக்களிலும் நூற்றில் ஒன்றுகூட முற்றிய கனியாவதில்லை. முன்பனிக் காலத்தில் பூ விரிகிறது. அந்நேரம் மழை பெய்தால் மகரந்தம் கழுவப்பட்டுவிடும். மேகமூட்டம் நீடித்தால் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் வரும். இவற்றையெல்லாம் தப்பினாலும் பிஞ்சு உதிர்வு இருக்கிறது, கோடைக் காற்று இருக்கிறது. போதாக்குறைக்கு, ஓர் ஆண்டு நிறையக் காய்த்த மரம் அடுத்த ஆண்டு ஓய்வெடுக்கும். நீலமும் பெங்களூராவும் ஆண்டுதோறும் காய்க்கும் சாது ரகங்கள். அல்போன்சா அப்படியில்லை. மல்கோவாவும் இமாம்பசந்தும் காய்ப்பதே கஞ்சத்தனமாக. நாம் தேடித் தேடிக் கேட்கும் பழங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அருமையும் வேண்டும், அது அட்டவணைப்படியும் வேண்டும் என்கிறோம்.

இந்த நிச்சயமின்மையை யாராவது சுமந்தாக வேண்டும். நாம் சுமக்க மறுத்தால் அது காற்றில் கரைந்துவிடாது, இன்னொருவர் தோளுக்கு மாறும். மாம்பழ நாட்டில் அந்த இன்னொருவர் குத்தகை வியாபாரி. பூ விட்டதும் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, மொத்தமாக ஒரு தொகை பேசி, முன்பணம் கொடுத்து மரங்களை எடுத்துக்கொள்வார். சிலர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுப்பார்கள். அதன்பின் பூ உதிர்ந்தாலும் புயல் அடித்தாலும் நட்டம் அவருடையது. நம் இலக்கியத்திலும் சினிமாவிலும் இவர் எப்போதும் வில்லன். ஆனால் நாம் ஏற்க மறுத்த சுமையை ஏற்றவர் அவர் என்பதை எங்கும் எழுதவில்லை.

அந்தச் சுமைக்கு அவர் ஒரு கூலியை எடுத்துக்கொள்வார். அதை மரமும் நாமும் சேர்ந்து கட்டுகிறோம். குத்தகைக் காலத்துக்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும் என்பதால் மரம் ஓய்வெடுக்க விரும்பும் ஆண்டிலும் பூக்கவைக்க வேண்டியிருக்கிறது. வேரடியில் ஊற்றும் 'கல்டார்' மருந்து அதற்குத்தான். அளவோடு ஊற்றினால் பயன், அளவு மீறினால் மரம் தளர்ந்துபோகும். தளர்ந்த மரம் குத்தகை முடிந்ததும் உரிமையாளரிடம் திரும்பி வரும். மருந்தடிப்பும் அப்படியே. அடுத்து, பருவத் தொடக்கத்தில் சந்தை விலை உயர்வாக இருக்கும்போதே காயைப் பறித்துவிடும் அவசரம். முற்றாத காய் தானாகப் பழுக்காது, பழுக்கவைக்கப்பட வேண்டும். கால்சியம் கார்பைடு இங்கேதான் நுழைகிறது. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் அதைத் தடைசெய்கின்றன. அதற்கு மாற்றாக எத்திலீன் வாயுவை, பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவுக்குள், பயன்படுத்த அனுமதி உண்டு. ஆயினும் ஒவ்வொரு கோடையிலும் அதிகாரிகள் கிடங்குகளில் கார்பைடு பொட்டலங்களைப் பறிமுதல் செய்த செய்தியைப் படிக்கிறோம். படித்துவிட்டு வியாபாரியின் பேராசையைச் சபிக்கிறோம். அந்தப் பேராசைக்குப் பின்னால், பூ கருகினால் பணத்தைத் திருப்பிக் கேட்கும் நம் சிக்கனமும் நிற்கிறது.

பெரியபுராணத்தில் பரமதத்தன் வீட்டுக்கு இரண்டு மாங்கனிகளை அனுப்புகிறான். பசித்து வந்த அடியாருக்கு மனைவி ஒன்றைப் படைத்துவிடுகிறார். உணவின்போது ஒன்றைத் தின்றவன் மற்றதையும் கேட்கிறான். இல்லாத கனியை அவர் இறைவனிடம் வேண்டிப் பெற்றுத் தருகிறார். காரைக்கால் அம்மையாரின் கதையைப் பக்தியின் கதையாகவே படித்து வளர்ந்தோம். சந்தாதாரனாக அதை மறுபடி நினைத்தபோது எனக்குப் பரமதத்தன்தான் கண்ணில் பட்டான். கணக்குப்படி இரண்டு, ஒன்றுதான் வந்தது, இன்னொன்று எங்கே? அவன் கேட்டதில் சட்டப்படி ஒரு தவறும் இல்லை. இல்லாத கனியை வரவழைக்க அம்மையாரால் முடிந்தது. தோட்டக்காரரால் முடியாது. அவர் சந்தையில் போய் வாங்கித்தான் வந்தாக வேண்டும்.

அப்படி வாங்கி நிரப்பும் திட்டங்கள் இன்று நிறைய நடக்கின்றன. 'தோட்டத்திலிருந்து நேராக உங்கள் இல்லத்துக்கு' என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். மரத்தில் உங்கள் பெயர்ப்பலகையை மாட்டிப் படம் எடுத்து அனுப்புவார்கள். எந்த ஆண்டு என்ன மழை பெய்தாலும் பெட்டி எண்ணிக்கை குறையாது. குறையாது என்பதே ஐயத்துக்குரியது. சேருவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். தோட்டம் எங்கே, போய்ப் பார்க்கலாமா? காயை எங்கே எப்படிப் பழுக்கவைக்கிறீர்கள்? விளைச்சல் தவறினால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்விக்கு "கவலையே வேண்டாம், உங்களுக்கு முழுதாக வந்துவிடும்" என்று பதில் வந்தால் நீங்கள் பேசிக்கொண்டிருப்பது ஒரு கடைக்காரரிடம். கடைக்காரராக இருப்பதில் குற்றமில்லை. அவரிடம் வாங்குங்கள், ஆனால் அதைச் சந்தா என்று அழைத்துப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். "குறையும் சார்" என்று தயங்கிச் சொல்பவரிடம்தான் சந்தா இருக்கிறது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். முதலாவது: "காப்பீடு எதற்கு இருக்கிறது? விவசாயியின் நட்டத்தை மாதச் சம்பளக்காரன் ஏன் சுமக்க வேண்டும்?" வானிலை சார்ந்த பயிர்க் காப்பீடு, திருத்திய வடிவில், 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது குறிப்பிட்ட வானிலை நிலையத்தின் அளவீட்டைப் பார்த்து இழப்பீட்டை முடிவுசெய்யும், மரத்தைப் பார்க்காது. நிலையத்தில் பெய்யாத மழை தோட்டத்தில் பெய்திருந்தால் அது கணக்கில் வராது. தவிர, நட்டம் முழுவதையும் சுமக்கும்படி யாரும் உங்களைக் கேட்கவில்லை. இருநூறு குடும்பங்கள் இரண்டிரண்டு பெட்டிகளை இழப்பதும் ஒரு குடும்பம் நானூறு பெட்டிகளை இழப்பதும் எண்ணிக்கையில் ஒன்று, வாழ்க்கையில் ஒன்றல்ல. பங்கிட்டால் ஒரு மாத வருத்தமாக முடிவது, பங்கிடாவிட்டால் ஒரு வீட்டின் கடனாகிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது: "இது வசதி படைத்தவர்களின் விளையாட்டு." பெரும்பகுதி உண்மை. முன்பணம் கட்டக்கூடியவர்களுக்கு மட்டுமே இந்தக் கதவு திறக்கிறது. ஜப்பானிய முறைகூட, பெட்டிகளைப் பிரித்துப் பகிர்ந்து கொடுத்த இல்லத்தரசிகளின் ஊதியமில்லா உழைப்பின் மீதுதான் நின்றது. பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியபின் அது தளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தோட்டக்காரரின் கணக்கில் பறிகூலி ஒரு வரிதான். மரமேறிக் காம்போடு பறித்து, பால் தெறித்துத் தோல் வெந்துபோகும் ஆட்களைப் பற்றி நாம் அதற்கு மேல் கேட்டதில்லை. பெட்டிச் சந்தாவால் மாம்பழப் பொருளாதாரம் திருந்திவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2025 கோடையில் கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா காயின் விலை சரிந்து, ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவிக்க வேண்டிவந்தது. அதில் 8 ரூபாய் ஆலைகள் தரவேண்டியது, 4 ரூபாய் அரசின் பங்கு. நகரத்து வரவேற்பறைக்கு வரும் இமாம்பசந்த் பெட்டியால் அந்த விவசாயிக்கு எதுவும் ஆகப்போவதில்லை. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை வசதி படைத்த நம்மை விடுவிக்கும் காரணங்கள் ஆகிவிடுமா? வசதி இருப்பவரே இரண்டு பெட்டி நட்டத்தைத் தாங்க மாட்டேன் என்றால், வசதி இல்லாதவரைக் காட்டி வாதம் செய்யும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது?

மூன்றாவது மறுப்பு தரம் பற்றியது. நீலத்தை அறுத்தால் கொட்டைக்குள்ளிருந்து கருவண்டு எழுந்து பறக்கிறது, கரும்புள்ளி இருக்கிறது, அளவு ஒன்றுபோல் இல்லை என்கிறார்கள். அந்த வண்டு பழத்தைத் துளைத்து உள்ளே போனதல்ல. பிஞ்சாக இருக்கும்போதே தோலில் இட்ட முட்டையிலிருந்து வந்த புழு கொட்டைக்குள் போய் வளர்ந்தது அது. வந்த வழி ஆறிப்போய் மூடிவிடும். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கத் தோட்டக்காரராலும் ஆகாது. நம் பாட்டிமார் வண்டைத் தட்டிவிட்டுச் சதையைத் தின்னக் கொடுத்தார்கள். அணில் கடித்த பழத்துக்கு வீட்டில் சண்டையே நடந்திருக்கிறது. அழுகிய பழத்தை அனுப்பினால் கேளுங்கள், கேட்டே ஆகவேண்டும். கவனக்குறைவுக்குத் தோட்டக்காரர் பொறுப்பு, வானத்துக்குப் பொறுப்பு அவரல்ல. இந்த வேறுபாட்டைக்கூடக் காணாத புகாரைத்தான் புகார் என்றே ஏற்க முடியாது என்கிறேன்.

பெரும்பொழுது ஆறு என்று வகுத்த மரபு நம்முடையது. முன்பனியில் பூ, இளவேனிலில் கனி, முதுவேனிலில் நீலம். இதைச் சொல்லிப் பெருமைப்படும்போது, பொழுது தப்பும் என்பதும் அந்தப் பொழுதுக்குள் அடங்கியதுதான் என்பதை மறந்துவிடுகிறோம். தவறவே தவறாத பருவம் குளிர்பதனக் கிடங்கில்தான் கிடைக்கும்.

அந்தத் தோட்டத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறேன். கேட்டவர்கள் எல்லோருக்கும் தோட்டக்காரர் இரண்டு பெட்டிப் பணத்தைத் திருப்பி அனுப்பினார். எனக்கும் வந்தது. நண்பர் அதை நேர்மை என்று பாராட்டிக் குழுவில் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார். அடுத்த தையில் சந்தா அறிவிப்பு வரவில்லை. நானே தொலைபேசியில் அழைத்தேன். மூன்று ஆண்டுகளுக்குத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டதாகச் சொன்னார். இப்படிச் செய்துவிட்டீர்களே என்று நான் வருத்தப்பட்டேன். வருத்தப்படும் உரிமை எனக்கு இருப்பதாக அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. "விளைஞ்சாத்தான் காசுன்னா நீங்களும் வியாபாரிதானே சார்? அதுக்கு அவரே தேவலை. அவர் பூவுக்கே காசு குடுத்துடறாரு" என்றார்.

அந்த இரண்டு பெட்டிப் பணம் அதற்குள் செலவாகிவிட்டிருந்தது. எதற்குச் செலவழித்தேன் என்பது நினைவில்லை.